டே கெயார்ல இருந்து நேர்சரி வகுப்புக்கு: ஜனவரியில ஏத்தவா, பொறுக்கவா?

கல்லடி அம்மா | நவம்பர் 6, இரவு 9.10

மகள் 2022 பெப்ரவரியில பிறந்தவ. ஒன்றரை வயசில இருந்து டே கெயார். அதே வளவுக்குள்ள நேர்சரி வகுப்பும் இருக்கு. வாற 2025 ஜனவரி முதல் கிழமை அங்க மாத்தப் போறம் எண்டு சொல்லிட்டாங்க. பகல்ல ஜங்கி, படுக்கக்குள்ள மட்டும் பம்பஸ். மத்தியானம் சூப்பிப் போத்தல்ல பால் குடிச்சாத்தான் நித்திரை. எனக்கு ஒபிஸ் 8.30 இல இருந்து 4.15 வரை, இடையில போய்ப் பார்க்க ஏலாது. "ஏத்தி விட்டா தானாப் பழகிடும்" எண்டுறாங்க. உண்மையா? அதுக்குள்ள எழுத்து, இலக்கம் எல்லாம் சொல்லிக் குடுக்கணுமா?

முன்பள்ளி டீச்சர் | நவம்பர் 6, இரவு 10.02

எழுத்தை இப்ப தொடாதீங்க தங்கச்சி. இந்த ரெண்டு மாசத்துக்கு வேற வேலை இருக்கு.

சின்ன அறையில ஒரு அன்ரிக்கு நாலைஞ்சு பிள்ளை. மூக்கு வடிஞ்சா அன்ரியின்ட கை தேடி வந்து துடைக்கும். தண்ணி கேட்கிறதுக்கு முன்னமே கோப்பை வாயடியில வரும். நேர்சரி வகுப்பில ஒரு டீச்சருக்குப் பதினைஞ்சு, இருபது பிள்ளை. அங்க பிள்ளைதான் கையைத் தேடிப் போகணும், போய் வாயால சொல்லணும். மாறுற விசயம் இது ஒண்டுதான். மற்ற எல்லாம் இதுக்குப் பின்னால வரும்.

அதால முதல் வேலை, சொல். சலம் வருது எண்டதை உங்கட வீட்டில என்னெண்டு சொல்றீங்க? சில வீட்டில "சூ", சில வீட்டில "சலம்", "ஒண்டுக்கு", இன்னும் சில வீட்டில அந்தப் பிள்ளைக்கெண்டே ஒரு சொல் இருக்கும். "தண்ணி ஊத்தணும்" எண்டு பழகின பிள்ளை வகுப்பில டீச்சரின்ட சாறியைப் பிடிச்சு "தண்ணி, தண்ணி" எண்டு சொல்லும். டீச்சர் போத்தலைத் திறந்து நீட்டுவா. பிள்ளை போத்தலையும் பார்த்து, டீச்சரையும் பார்த்து, நிண்ட இடத்திலயே போயிடும். பிறகு "இந்தப் பிள்ளை கேட்கத் தெரியாத பிள்ளை" எண்டு பேர். பிள்ளை கேட்டது. சொல்தான் விளங்கேல்ல.

நாளைக்கே டே கெயார்ல கேளுங்க, வகுப்பில என்ன சொல் பாவிக்கிறாங்க எண்டு. வீட்டில ஆச்சி, அப்பப்பா, ஓட்டோக்காரத் தம்பி வரைக்கும் அந்த ஒரு சொல்தான். நிலைக்க 3 கிழமை எடுக்கும். ரெண்டுக்குப் போறது, நோகுது, நித்திரை வருது, தண்ணி: இந்த நாலுக்கும் அதே மாதிரி. பிள்ளை கட்டிப் பிடிச்சுப் படுக்கிற துணிக்கு வீட்டில வேற பேர் இருந்தா அதையும் ஒரு தாளில எழுதி டீச்சரின்ட கையில குடுங்க. பையுக்குள்ள வச்சா யாரும் பார்க்க மாட்டாங்க.

வயசு பிரச்சினை இல்ல, 3 ஆகப் போகுதுதானே. ஜனவரியில ஏத்தலாம்.

முன்பள்ளி டீச்சர் | நவம்பர் 7, விடிய 5.45

ராத்திரி கடைசியாச் சொன்னதைத் திருத்துறன். பிறந்த மாசத்தைக் கணக்கெடுக்காமச் சொல்லிட்டன்.

முதலாம் வகுப்புக்கு, சேர்ற வருசம் ஜனவரி 31 ஆம் திகதிக்கு 5 வயசு பூர்த்தியாகி இருக்கணும். 2022 ஜனவரியில பிறந்த பிள்ளை 2027 இல முதலாம் வகுப்பு. உங்கட மகள் பெப்ரவரி. கொஞ்ச நாள் வித்தியாசத்தில அவ 2028 இலதான். இந்த ஜனவரி ஏத்தினா 2025, 2026, 2027 எண்டு 3 முழு வருசம் நேர்சரியில இருக்கணும். ஜனவரிப் பிள்ளைக்கு 2 வருசம்.

3 வருசம் இருக்கிறதில பிழை இல்ல. ஆனா மூண்டாம் வருசம் அதே பாட்டு, அதே கட்டை, அதே நிறந்தீட்டுற கொப்பியா இருந்தா, கெட்டிக்காரப் பிள்ளை குழப்படி தொடங்கும். அதால இப்பவே கேளுங்க: வயசுக்கேத்த ரெண்டு பிரிவு இருக்கா, இல்லாட்டி எல்லாரும் ஒரே பாயிலயா? ஒரே பிரிவு எண்டா சித்திரை வருச லீவு முடிஞ்சு ஏத்துறதுதான் என்ட விருப்பம். அப்ப 3 வயசும் தாண்டியிருக்கும், மழையும் விட்டிருக்கும். மழை ஏன் முக்கியம் எண்டு பிறகு எழுதுறன்.

கல்லடி அம்மா | நவம்பர் 7, பகல் 12.50

நன்றி டீச்சர். கேட்டன். ரெண்டு பிரிவு இருக்காம். ஆனா ஜனவரியில ஏறாட்டி இடம் போயிடும் எண்டுறாங்க.

முன்பள்ளி டீச்சர் | நவம்பர் 7, பின்னேரம் 4.30

அப்ப பேரைப் பதிஞ்சு இடத்தை எடுங்க. ஆனா முதல் நாளே விடியத்தில இருந்து பின்னேரம் வரை அங்க இருக்கணும் எண்டு கட்டாயம் இல்ல. ஒரே வளவு எண்டது உங்களுக்குப் பெரிய வசதி, கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாம். கல்முனைப் பக்கம் டே கெயார் நடத்துற தங்கச்சி இதில இருக்கிறா, அவ ஒழுங்கைச் சொல்லட்டும்.

கல்முனை பராமரிப்பாளர் | நவம்பர் 8, இரவு 8.15

நாங்க 3 கிழமை எடுக்கிறம்.

முதல் கிழமை, முதல் ரெண்டு நாள் அரை மணித்தியாலம் மட்டும். வகுப்பு தொடங்கிற நேரம் கொண்டு போக மாட்டம். எல்லாரும் வரிசையா நிண்டு கும்பிட்டு, பாட்டுப் பாடுற நேரம் புதுப் பிள்ளைக்கு ஒண்டும் விளங்காது, எல்லாற்ற கண்ணும் அதிலதான் இருக்கும். 9.15 அளவில, கட்டையும் மண்ணும் விளையாடுற நேரம்தான் நல்லம். சின்ன அறை அன்ரி கூட்டிப் போய்க் கதவடியில கதிரை போட்டு இருப்பா. அவ விளையாட்டுக் காட்டப்படாது, கூப்பிடப்படாது. பிள்ளை திரும்பிப் பார்த்தா முகம் தெரியணும், அவ்வளவுதான். மூண்டாம் நாள் 10 மணிச் சாப்பாடு வரைக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள 11 மணி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பழைய அறைக்கு வந்திடும்.

ரெண்டாம் கிழமை அன்ரி 10 நிமிசத்தில எழும்பி வந்திடுவா, பிள்ளைக்குச் சொல்லிப் போட்டு. மத்தியானச் சாப்பாடு வகுப்பில. படுக்கை மட்டும் பழைய அறையில. மூண்டாம் கிழமை படுக்கையும் மாறும்.

பெரிய சிக்கல் ஆள் காணாது. அன்ரி கதவடியில இருந்தா மற்றப் பிள்ளைகளை யார் பார்க்கிற? அதுக்கு ரெண்டு பிள்ளையைச் சேர்த்து ஏத்துவம், சின்னாக்கள் விடியக் கண் அயருற நேரமாப் பார்த்து. ரெண்டு பிள்ளை ஒண்டாப் போனா ஒண்டை ஒண்டு பார்த்துக்கொள்ளும். ஒரே நாளில ஆறு பிள்ளையைத் தூக்கி ஏத்தினா ஒண்டு அழ, ஆறும் அழும். அண்டைக்கு வகுப்பில இருந்த பழைய பிள்ளைகளும் சாப்பிடாதுகள்.

முன்பள்ளி டீச்சர் | நவம்பர் 8, இரவு 9.40

படுக்கையைக் கடைசியில வச்சது மிச்சம் சரி. முழிச்சிருக்கிற பிள்ளை புது இடத்தைச் சமாளிக்கும். நித்திரையால எழும்பி, எங்க கிடக்கிறன் எண்டு தெரியாத அந்த ஒரு நிமிசத்தைத்தான் சமாளிக்க ஏலாது. புது அறையில எழும்பி வீரிட்ட பிள்ளை அடுத்த நாள் வாசல்லயே நிண்டிடும்.

பாயும் மாறப்படாது. அதே பாய், அதே தலையணை. முதல் நாலு நாள் கதவு தெரியிற பக்கமாப் போடச் சொல்லுங்க.

கல்லடித் தங்கச்சிக்கு: சூப்பிப் போத்தலை இப்பவே நிப்பாட்டுங்க, இல்லாட்டி பெப்ரவரி வரைக்கும் தொடாதீங்க. அறை மாறுற மாசம் போத்தலையும் பறிச்சா பிள்ளை எதைப் பிடிக்கிற? இப்ப தொடங்கினா 10 நாள் போதும். பாலைக் கோப்பையில 150 மில்லி அளவு, படுக்க முன்னம் இருந்து குடிக்கப் பழக்குங்க. பாயில படுக்கக்குள்ள போத்தல் கேட்டா வெறுந் தண்ணி. மூண்டு நாள் கோவிக்கும், பிறகு போத்தல்ல இருந்த ஆசை விட்டிடும். பாலோட நித்திரையாகிற பிள்ளைக்கு முன்பல் கறுத்துச் சொத்தையாகிறதும் இதாலதான்.

படுக்கைக்குப் போடுற பம்பஸைப் பற்றிக் கவலைப்படாதீங்க. நித்திரையில சலம் அடங்கிறது பழக்கத்தில வாறது இல்ல, உடம்பு முதிரணும். 5 வயசு வரைக்கும் போற பிள்ளைகள் நிறைய. படுக்கக்குள்ள போட்டு, எழும்பின உடன கழட்டச் சொல்லுங்க. கழட்ட மறந்தா பின்னேரம் முழுக்க அதுக்குள்ளேயே போகும், பகல் பழக்கமும் கெட்டிடும்.

காத்தான்குடி உம்மா | நவம்பர் 10, பகல் 11.20

எங்கட மகனுக்கு வீட்டில கொமட்டில குட்டி இருக்கை போட்டுப் பழக்கம். நேர்சரியில இருக்கிறது குந்துற கக்கூஸ். போய்ப் பார்த்திட்டு வந்து ரெண்டு நாளா "அங்க போக மாட்டன் உம்மா" எண்டு சொல்றார். என்ன செய்யலாம் டீச்சர்?

முன்பள்ளி டீச்சர் | நவம்பர் 10, இரவு 8.50

பயத்துக்குக் காரணம் இருக்கு தங்கச்சி. அந்தக் கால் வைக்கிற படி பெரியாக்களுக்கு அளந்தது. 3 வயசுக் காலை அதில வச்சா தொடை அகண்டு, சமநிலை தவறும். கீழ பார்த்தா ஓட்டை. சீமெந்து நிலம் ஈரம், லைட் மங்கல், பக்கத்தில பெரிய வாளி.

வீட்டில குளியலறை நிலத்தில, உடுப்போட, குந்திப் பழக்குங்க. உங்கட ரெண்டு விரலையும் பிடிச்சுக்கொண்டு குந்தி எழும்பட்டும், ஒரு நாளைக்குப் பத்துத் தரம், விளையாட்டா. குதிக்கால் நிலத்தில படணும். நுனிக்காலில குந்திற பிள்ளை பின்னால சாயும். ரெண்டாம் கிழமை ஜங்கியை முழங்கால் வரைக்கும் இறக்கிப் பிடிச்சுக்கொண்டு குந்தட்டும். இந்த இறக்கிறதும் ஏத்திறதும்தான் உண்மையான பாடம். ஈரத் தொடையில ஜங்கி சுருண்டு நிக்கும், பின்பக்கம் ஏறாது. ஒரு அளவு பெரிசா வாங்குங்க. பின்பக்க இலாஸ்டிக்கைக் கையால பிடிச்சு இழுக்கக் காட்டிக் குடுங்க. முன்பக்கத்தை மட்டும் இழுத்தா ஒருநாளும் ஏறாது.

நேர்சரியில கேட்க வேண்டியது மூண்டு. சின்னாக்களுக்கெண்டு தனிக் கக்கூஸ் கோப்பை, இல்லாட்டி இருந்து போற பொட்டி இருக்கா? றப்பர் செருப்பு வாசல்ல வச்சிருக்கா? கூடப் போறது யார்? கடைசிக் கேள்வியை வெக்கப்படாமக் கேளுங்க. கழுவி விடுறது இன்ன ரெண்டு பேர்தான் எண்டு பேரோட பிள்ளைக்குச் சொல்லி வையுங்க. வேற யாரும் வந்தா "டீச்சரைக் கூப்பிடுங்க" எண்டு சொல்லவும் பழக்குங்க.

3 வயசில தானாக் கழுவத் தெரியாது, 5 வயசு மட்டும் ஒராள் உதவி வேணும். பெண் பிள்ளையள் எண்டா முன்னால இருந்து பின்னால கழுவணும் எண்டதை அன்ரிக்கும் ஞாபகப்படுத்துங்க.

மிட்வைஃப் மிஸ் | நவம்பர் 11, விடிய 6.30

டீச்சர் சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். கக்கூசுக்குப் பயந்த பிள்ளை வீட்டுக்கு வரும் மட்டும் அடக்கும். ரெண்டு மூண்டு நாள் அடக்கினா மலம் இறுகும், போகக்குள்ள நோகும், நொந்தா இன்னும் அடக்கும். பிறகு ஜங்கியில கொஞ்சம் கொஞ்சமாப் பூசின மாதிரிப் பட்டிருக்கும். வயிற்றோட்டம் எண்டு நினைச்சுச் சாப்பாட்டைக் குறைக்கிறாங்க. அது ஓட்டம் இல்ல. உள்ள இறுகினதைச் சுத்தித் தண்ணியாக் கசியிறது.

பப்பாசிப்பழம், கீரை, தண்ணி கூடக் குடுங்க. பால் கூடக் குடிக்கிற பிள்ளைக்குப் பாலைக் குறையுங்க. விடியச் சாப்பிட்டு 10, 15 நிமிசத்தில வீட்டிலேயே இருத்துங்க, அந்த நேரம் குடல் தானா அசையும். வீட்டில போயிட்டு வந்தா நேர்சரியில அந்தப் பிரச்சினையே வராது. 8 மணிக்குப் பிள்ளையை விடுறதெண்டா 6.45 க்குச் சாப்பாடு முடியணும். அவசரப்படுத்தினா போகாது. ரத்தம் கண்டா, இல்லாட்டி ஒரு கிழமைக்கு மேல இழுத்தா கிளினிக்குக்குக் கொண்டு வாங்க.

முன்பள்ளி டீச்சர் | நவம்பர் 19, இரவு 9.05

மழையைப் பற்றி எழுதுறன் எண்டன். எங்கட கிழக்கிலங்கைப் பக்கம் நவம்பர், டிசம்பர், ஜனவரிதான் மாரி. குளிருக்குப் பிள்ளைகள் அடிக்கடி சலம் போகும். கோடையில ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா போற பிள்ளை இப்ப முக்கால் மணிக்கு ஒருக்கா கேட்கும். துவைச்ச உடுப்பு ரெண்டு நாளாக் காயாது. ஆகவே ஜனவரியில ஏறுற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 4 ஜங்கி, 3 கழிசான், 2 மேல்சட்டை. வீட்டில அதைப் போல இன்னொரு மடங்கு. சித்திரைக்குப் பிறகு பாதி போதும்.

ஒவ்வொரு மாத்து உடுப்பையும் தனித்தனிச் சொப்பிங் பேக்கில சுத்தி வையுங்க: ஒரு ஜங்கி, ஒரு கழிசான், ஒரு சட்டை. நனைஞ்சா அன்ரி ஒரு பேக்கை எடுத்தாப் போதும், நனைஞ்சதை அதே பேக்குக்குள்ள போடலாம். எல்லாத்தையும் குவிச்சு வச்சா தேடுறதுக்குள்ள பிள்ளை ஈரத்தோட நிக்கும். பிறகு மற்றப் பிள்ளையின்ட உடுப்பைப் போட்டு விடுவாங்க. பேரைக் கழுத்துப் பட்டியில அழியாத பேனையால எழுதுங்க. படிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒரே நிற நூலால ஒரு தையல், எல்லா உடுப்பிலயும். தன்ட நூல் எது எண்டு அதுக்குத் தெரிஞ்சிடும்.

சீருடைக் கழிசானுக்குக் கொக்கியும் சிப்பும் வச்சுத் தைக்கிறாங்க. தையல்காரரிட்டச் சொல்லி இலாஸ்டிக் போடுங்க. பெண் பிள்ளையின்ட சட்டைக்குப் பின்னால தெறி வச்சா பரவாயில்ல, தூக்கினாப் போதும். ஆனா பெல்ட் வேணாம். சப்பாத்து எண்டா லேஸ் இல்லாம ஒட்டுப்பட்டி.

சாய்ந்தமருது வாப்பா | நவம்பர் 20, பகல் 1.15

சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றியும் எழுதுங்க டீச்சர். எங்கட மகள்ற பெட்டி ஒவ்வொரு நாளும் அப்படியே திரும்பி வருது. வீட்டில நல்லாச் சாப்பிடுவா.

முன்பள்ளி டீச்சர் | நவம்பர் 20, இரவு 8.30

பசி இல்லாமத் திரும்பி வாறது குறைவு தம்பி. முதல்ல பெட்டியைப் பாருங்க. நாலு பக்கமும் பூட்டுற பெட்டியை 3 வயசுப் பிள்ளையின்ட விரல் திறக்காது. டீச்சர் திறந்து குடுக்க முறை வாறதுக்குள்ள 20 நிமிசச் சாப்பாட்டு நேரத்தில பாதி போயிடும். ஒரு பக்கம் தூக்கினாத் திறக்கிற மூடி எடுங்க. வீட்டில ஒரு கிழமை அந்தப் பெட்டியிலதான் சாப்பிடக் குடுக்கணும், பாயில இருத்தி.

அடுத்தது அளவு. விளிம்பு வரைக்கும் அடைச்சிருந்தா பிள்ளை பார்த்தே களைச்சிடும். சின்ன இடியப்பம் 2, கொஞ்சம் சொதி ஊறினபடி. சோறு எண்டா அரைக் கோப்பை. பிட்டு எங்கட பிள்ளைகளுக்கு உயிர், ஆனா உதிர்ந்த பிட்டை வகுப்பில குடுத்தா பாதி நிலத்தில. வாழைப்பழம் போட்டுக் குழைச்சு, ஒரு வாய்க்கு ஒண்டா 6, 7 உருண்டை பிடிச்சு வையுங்க. கையும் பிசுபிசுக்காது, தானா எடுத்துச் சாப்பிடும். வீட்டில நல்லாச் சாப்பிடுறா எண்டா, யார் ஊட்டுறது? வாப்பா ஊட்டுற பிள்ளை வகுப்பில கையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இரவுச் சாப்பாட்டில முதல் அஞ்சு வாய் தானா, மிச்சம் ஊட்டுறது எண்டு தொடங்குங்க.

கவ்பி, கடலை அவிச்சுக் குடுக்கலாம். கச்சான் வேணாம், புரைக்கேறும்.

மிட்வைஃப் மிஸ் | நவம்பர் 20, இரவு 10.10

டீச்சர், கடலையும் முழுசாக் குடுக்கப்படாது. 4, 5 வயசுக்குக் கீழ கச்சான், முழுக் கடலை, உருண்டை இனிப்பு, முந்திரிகைப் பழம் (திராட்சை) எல்லாம் ஒரே ஆபத்து. கடவாய்ப் பல்லால அரைக்கப் பழகேல்ல, சிரிச்சு ஓடிக்கொண்டு சாப்பிடுறாங்க. கடலையை மசிச்சுக் குடுங்க, முந்திரிகையை நெடுக்கு வாட்டில நாலா வெட்டுங்க. ரம்புட்டான் காலத்தில தோலோட குடுத்து விடவே வேணாம். விதை வழுக்கித் தொண்டையை முழுசா அடைக்கும். சதையை மட்டும் வெட்டிக் குடுங்க.

முன்பள்ளி டீச்சர் | நவம்பர் 21, விடிய 5.50

சரி மிஸ், நான் எழுதினது பிழை. கடலை மசிச்சுத்தான். கவ்பியும் விரலால நசுங்கிற அளவுக்கு அவிஞ்சிருக்கணும்.

கல்லடி அம்மா | டிசம்பர் 12, இரவு 9.30

வெள்ளத்தால மகள் ஒரு கிழமைக்கு மேல வீட்டில நிண்டவ. போத்தல் நிண்டிட்டு, கோப்பையிலதான் குடிக்கிறா. "சலம்" எண்டு சொல்றா. ஆனா லீவுக்குப் பிறகு டே கெயார் வாசல்ல திரும்ப அழுகை. ஜனவரியில விட்டிட்டு வரக்குள்ள என்ன சொல்றது? அவ பராக்குப் பார்க்கக்குள்ள மெல்ல வந்திடச் சொல்றாங்க.

முன்பள்ளி டீச்சர் | டிசம்பர் 12, இரவு 10.15

ஒளிச்சு வராதீங்க. திரும்பிப் பார்க்கக்குள்ள அம்மா இல்லாத பிள்ளைக்கு அடுத்த நாள் விளையாடப் பயம். கண்ணை எடுத்தா அம்மா காணாமப் போயிடுவா எண்டு நினைக்கும். சாறித் தலைப்பை விடாது.

"இந்தா வாறன்" எண்டு சொல்றதையும் விடுங்க. பெரியாக்கள் நாங்க போகக்குள்ள சொல்ற வழக்கச் சொல். பிள்ளை அதைச் சொன்ன மாதிரியே எடுக்கும், கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கும். 4.15 எண்டாலும் அதுக்கு விளங்காது. அதுக்கு விளங்கிறது வேலை வரிசை: "விளையாடி, சோறு சாப்பிட்டு, படுத்து எழும்பி, பிஸ்கட் சாப்பிட அம்மா வருவன்." ஒவ்வொரு நாளும் இதே சொல், இதே ஒழுங்கு. பகல்ல அழுதா அன்ரியும் இதையே சொல்லட்டும்: "சோறு சாப்பிட்டாச்சு, இனிப் படுக்கிறது." பிள்ளை விரல் விட்டு எண்ணும்.

செருப்பைக் கழட்டித் தட்டில வைக்க, பையைக் கொழுவ, ஒரு கொஞ்சல், வசனம், போறது. ரெண்டு நிமிசம். அழுதாலும் போங்க. போயிட்டுத் திரும்பி எட்டிப் பார்த்தா, அழுதா அம்மா வருவா எண்டு படிச்சிடும். 10 நிமிசம் கழிச்சு டே கெயாருக்குக் கோல் எடுத்துக் கேளுங்க. பின்னேரம் பிந்திற நாள் எண்டா முன்னமே அறிவியுங்க. "பிஸ்கட் முடிஞ்சிட்டு, அம்மாவைக் காணேல்ல" எண்ட அந்த அரை மணித்தியாலம் மூண்டு கிழமைப் பழக்கத்தை உடைக்கும்.

சாய்ந்தமருது வாப்பா | ஜனவரி 9, இரவு 8.00

எங்கட மகள்ற நேர்சரி வேற இடம், டே கெயார் வேற இடம். 12 மணிக்கு ஓட்டோ எடுத்துப் போகுது. அந்த நேரம்தான் கூட அழுறா.

கல்முனை பராமரிப்பாளர் | ஜனவரி 9, இரவு 8.45

அந்த 12 மணிதான் எல்லாருக்கும் கஷ்டம் நானா. பசி, களைப்பு, மற்றப் பிள்ளைகளின்ட உம்மாமார் வாசல்ல வந்து நிப்பாங்க, இவவுக்கு ஓட்டோ. முதல் ரெண்டு கிழமை டே கெயார் அன்ரி ஒராள் ஓட்டோவில வரணும், கையில ஒரு வாழைப்பழத்தோட. அதுக்குக் கூடக் காசு கேட்டாலும் குடுங்க.

ஓட்டோக்காரர் கோர்ன் அடிச்சுப் பிள்ளையை வெளிய எடுக்கப்படாது. வாசலுக்குள்ள வந்து, கொப்பியில நேரத்தை எழுதிக் கையெழுத்து வச்சுத்தான் எடுக்கணும். பிள்ளையை எடுக்கக்கூடிய 3 பேரின்ட பேர், அடையாள அட்டை இலக்கம், படம் ரெண்டு இடத்திலயும் இருக்கணும். அண்டைக்கு வேற ஆள் வாற எண்டா நீங்க கோல் எடுத்துச் சொல்லணும். வாற ஆள் "வாப்பா அனுப்பினார்" எண்டு சொன்னாப் போதாது.

முன்பள்ளி டீச்சர் | ஜனவரி 27, இரவு 9.20

மூண்டு கிழமை ஆச்சு. இப்ப பலபேர் உள்பெட்டியில கேட்கிறது ஒரே கேள்வி: "பகல்ல சுத்தமா இருந்த பிள்ளை திரும்ப நனைக்குது, சின்னப் பிள்ளை மாதிரிக் கதைக்குது, தூக்கச் சொல்லுது." 2 இல இருந்து 4 கிழமை வரைக்கும் இது வழமை. ஏசாதீங்க. உடுப்பை மாத்தி விட்டு, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காக் கூட்டிப் போகச் சொல்லுங்க. பின்னேரம் வீட்டுக்கு வந்தவுடன அரை மணித்தியாலம் மடியில வச்சிருங்க. "இண்டைக்கு என்ன படிச்ச?" எண்டு கேட்க வேணாம்.

பார்த்துக்கொண்டிருக்கப்படாத அடையாளம் வேற. ஒரு கிழமை முழுக்க அங்க ஒரு வாயும் சாப்பிடேல்ல. வீட்டில கதைக்கிற பிள்ளை அங்க நாலு கிழமையா ஒரு சொல்லும் பேசேல்ல. மாசக் கிளினிக்கில நிறை இறங்கியிருக்கு. ஒராளின்ட பேரைக் கேட்டா ஒளிக்குது. முதல் மூண்டுக்கும் ஒரு படி இறங்குங்க: படுக்கை பழைய அறைக்கு, இல்லாட்டி 11 மணியோட நிப்பாட்டுங்க. முழுசா நிப்பாட்டித் திரும்பத் தொடங்கினா முதல்ல இருந்து வரணும். கடைசி அடையாளத்துக்குப் படி இறங்கிற வேலை இல்ல. அண்டைக்கே போய்க் கேளுங்க. அடி, பயமுறுத்தல் எண்டு தெரிஞ்சா 1929 க்கு எடுங்க, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ட இலக்கம், காசு இல்ல.

பேச்சைப் பற்றியும் ஒரு சொல். 3 வயசில மூண்டு சொல் சேர்த்துக் கதைக்காத, வெளியாளுக்கு அனேகமா விளங்காத பிள்ளையை "நேர்சரிக்குப் போனா கதைக்கும்" எண்டு விடாதீங்க. முதல்ல காதைப் பாருங்க. சளியும் காதில சீழும் அடிக்கடி வந்த பிள்ளைக்குச் சரியாக் கேட்காம இருக்கலாம். கிளினிக்கில சொன்னா ஆஸ்பத்திரிக்குத் துண்டு தருவாங்க.

கல்லடி அம்மா | பெப்ரவரி 18, இரவு 8.40

3 வயசு ஊசி போட்டம். அடுத்த நாளே வகுப்புக்கு விடலாமா?

முன்பள்ளி டீச்சர் | பெப்ரவரி 18, இரவு 9.00

விடலாம். அந்த எம்.எம்.ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசிக்குக் காய்ச்சல் வந்தா உடன வராது, ஒரு கிழமை பத்து நாள் கழிச்சு வரும். திகதியை எழுதி டீச்சரிட்டக் குடுங்க. அப்ப காய்ச்சல் வந்தா ஊசிக் காய்ச்சல் எண்டு தெரியும்.

மிட்வைஃப் மிஸ் | பெப்ரவரி 18, இரவு 9.35

திகதி குடுக்கிறது சரி டீச்சர். ஆனா "ஊசிக் காய்ச்சல்தான்" எண்டு இருந்திடாதீங்க. மாரி முடிஞ்சு தேங்கின தண்ணியில நுளம்பு பெருகிற காலம், டெங்கு இருக்கு. ரெண்டு நாளைக்கு மேல காய்ச்சல் நிண்டா, இல்லாட்டி சத்தி, வயித்து நோ, சோம்பல், சலம் குறையிறது எண்டு ஏதாவது இருந்தா உடன காட்டுங்க. பரசிற்றமோல் மட்டும், நிறைக்கு ஏத்த அளவில. இபுபுரூபன், அஸ்பிரின் வேணாம். மருந்தில்லாம 24 மணித்தியாலம் காய்ச்சல் வராம இருந்த பிறகுதான் வகுப்பு.

டெங்கு நுளம்பு கடிக்கிறது பகல்ல. நேர்சரியில பூச்சட்டித் தட்டு, வளவுக்குள்ள கிடக்கிற சிரட்டை, யோகட் கப், விளையாட்டுக்கு வச்ச பழைய டயர் எல்லாத்தையும் கிழமைக்கு ஒருக்காக் கவிழ்க்கிறாங்களா எண்டு கேளுங்க. டயர்ல ஓட்டை போட்டாத் தண்ணி நிக்காது.

காத்தான்குடி உம்மா | பெப்ரவரி 21, பகல் 2.10

குந்திப் போறார் டீச்சர், தானா ஜங்கியும் ஏத்துறார். இப்ப மார்ச்சில நோன்பு லீவு, ஒரு மாசம் மூடுவாங்க. திரும்பவும் முதல்ல இருந்தா?

முன்பள்ளி டீச்சர் | பெப்ரவரி 21, இரவு 8.20

முதல்ல இருந்து இல்ல. ஆனா லீவு முடிஞ்ச முதல் நாளே முழு நாள் விடாதீங்க. ரெண்டு நாள் 11 மணி மட்டும், மூண்டாம் நாள் சாப்பாட்டோட. லீவுக்குள்ள நேரம் மாறாமப் பாருங்க. நோன்பு நேரம் வீடே சஹருக்கு (விடிய முன்னம் சாப்பிட) எழும்பி, ராத்திரி பிந்திப் படுக்கும், பிள்ளையும் கூட முழிச்சிருக்கும். 3 வயசுக்குப் பகல் நித்திரையோட சேர்த்து 10 இல இருந்து 13 மணித்தியாலம் வேணும். லீவு முடிய ஒரு கிழமைக்கு முன்னமே இரவு படுக்கையை நாளுக்கு 15 நிமிசமா முன்னால கொண்டு வாங்க. கிழமைக்கு ஒருக்கா நேர்சரி வாசல் பக்கமாக் கூட்டிப் போய் "உங்கட வகுப்பு" எண்டு காட்டிப் போட்டு வந்தாலும் நல்லம்.

கல்லடி அம்மா | மார்ச் 3, இரவு 9.15

டீச்சர், படுக்கையும் வகுப்பு அறைக்கு மாறிட்டு. அவட துணித் துண்டு, என்ட பழைய சாறியில கிழிச்சது, ஊத்தையாக் கிடக்கு. கழுவிக் குடுத்தா அண்டைக்கு நித்திரை வருதில்ல எண்டு அன்ரி சொல்றா.

முன்பள்ளி டீச்சர் | மார்ச் 3, இரவு 9.40

அதில உங்கட மணம் இருக்கு, கழுவினாப் போயிடும். ரெண்டாக் கிழியுங்க. ஒண்டு அங்க இருக்கட்டும், மற்றதை வெள்ளிக்கிழமை இரவு கழுவிக் காயப்போட்டு, சனி ஞாயிறு நீங்க படுக்கிற தலையணைக்குள்ள வச்சு எடுங்க. திங்கள் விடிய மாத்தி விடுங்க. சித்திரை லீவுக்கு வீட்டுக்குக் கொண்டு வாற பாயோட அந்தத் துண்டும் வருதா எண்டு பாருங்க. லீவுக்குத் துப்பரவாக்கக்குள்ள பழைய துணி எண்டு எறிஞ்சிடுவாங்க, அன்ரியிட்ட முன்னமே சொல்லி வையுங்க.